இரண்டு விரல் இடைவெளி

ஜனவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் யாராவது எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

நாலு வருஷம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வருகிறதே, யார் போய்விட்டார்கள் என்று பதறாதே. விஷயம் சின்னது. எனக்கு நானே ஒரு ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி. எடை அளவு ஆய்வாளனாக முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர் தராசைச் சோதித்து முத்திரை குத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு சோதிப்பதற்குக் கடை ஜீன்ஸ்தான் மிச்சமிருந்தது. ஒரே அளவு என்று சீட்டு ஒட்டிய ஐந்து ஜீன்ஸை எடுத்து இடுப்பை அளந்தேன். ஐந்தும் ஐந்து விதம். பழைய நாளாக இருந்தால் கடையைப் பூட்டிச் சீல் வைத்திருப்பேன். இப்போது கடைக்காரர் என்னைப் பார்த்து, "போட்டுப் பாக்கத்தான் சார் ரூம் இருக்கு, அளந்து பாக்க இல்ல" என்று வாசலைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஆமாம், அதே மெஷின்தான். "பேப்பர் பறக்காம மேல பாரம் வைக்கவா தூக்கிட்டுப் போற?" என்று நீ கேட்டதும், அன்றோடு நம் பேச்சு நின்றதும் நினைவிருக்கிறது. அதை நான் அப்படி ஒருநாளும் பயன்படுத்தவில்லை. தொப்பி மாட்டி வைத்திருந்தேன்.

கால், பை, ஜிப் எல்லாம் ஒருவாறு வந்துவிட்டன. இடுப்புப் பட்டிதான் வம்பு செய்கிறது. முன்னால் வயிற்றை அறுக்கிறது. பின்னால் வாயைப் பிளக்கிறது. உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் தபால் பெட்டி மாதிரி இருக்கிறது, யாரும் கடிதம் போட்டுவிட்டுப் போகலாம். கீழ்வீட்டில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் பார்த்துவிட்டு, "சாவித் துவாரம் கொஞ்சம் பெருசு சார்" என்றார். என் இடுப்பு தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். நீ இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலையில் பட்டி மட்டுமே தைக்கிறவள். என்ன செய்யலாம், சொல்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ கத்துவாய். கடிதத்தில்தான் கொஞ்சம் மரியாதை தெரியும்.

அண்ணன்

•

ஜனவரி 21

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. நீ எப்படி என்று கேட்க வேண்டியதில்லை. வீட்டிலேயே ஜீன்ஸ் தைக்கிற அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது.

நாலு வருஷம் கழித்து எழுதுகிறாய், அதுவும் பட்டிக்காக. பரவாயில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

தப்பு உன்னுடையதுதான். நேரான பட்டியை வளைந்த இடத்தில் வைத்துத் தைத்தால் வாய் பிளக்காமல் என்ன செய்யும்? உடம்பு என்ன தண்ணீர்க் குழாயா? பட்டியை வளைவாக, மேல் விளிம்பு சிறியதாக, இரண்டு துண்டாக வெட்டு. உள்ளே கேன்வாஸ் ஒட்டு, இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் இழுத்துக்கொண்டு போகும். இடது பட்டியை இடது பாதியோடு தை, வலதை வலது பாதியோடு. கடைசியாகத்தான் பின்தையல், பட்டியின் உச்சியிலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக. அப்போதுதான் பின்னால் பிடிக்கவோ விடவோ முடியும். உள்ளே துணி தாராளமாக விட்டு வை. உன் வயிறு எனக்குத் தெரியும்.

பொத்தானைப் போட்டுக்கொண்டு பட்டிக்கும் இடுப்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார். சரியாக இரண்டு விரல் போக வேண்டும். ஒன்றென்றால் சாப்பிட முடியாது. மூன்றென்றால் மானம் போகும்.

இதெல்லாம் அம்மா சொன்னது. நானாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பட்டி தைக்கிறேன். ஒன்றைக்கூட மனுஷ இடுப்பில் பார்த்ததில்லை. எங்கள் பிரிவில் பட்டி தொளதொளத்தால் அது குறை எண் பதினேழு. தைத்தவள் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். உடம்பின் மேல் குறை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

தொப்பியைக் கழற்றி வேறெங்காவது மாட்டு.

தங்கை

•

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் முழங்கால் இன்னும் தனிக்கட்சிதானா, கூட்டணிக்கு வந்ததா?

நீ சொன்னபடியே வளைத்து வெட்டி, ஒட்டி, தைத்தேன். முதல் பத்து நாள் இரண்டு விரல் அளவோடு போயிற்று. பூட்டுக்காரரைக் கூப்பிட்டு விரல் விடச் சொல்லிச் சாட்சியும் வைத்துக்கொண்டேன். இப்போது நாலு விரல் போகிறது. இடுப்பை அளந்தால் தொண்ணூற்றிரண்டு என்கிறது. அளவுகள் முரண்பட்டால் முதலில் அளவுகோலைச் சந்தேகப்படு என்பது எங்கள் இலாகாவின் பாலபாடம். ஓய்வு பெற்றபோது எனக்குக் கொடுத்த எஃகு மீட்டர் கோலோடு டேப்பை வைத்துச் சோதித்தேன். டேப் நிரபராதி. முதல் தடவை சட்டைக்கு மேலே அளந்திருப்பேன் போலிருக்கிறது. ஆகவே இனி குற்றவாளிக் கூண்டில் நிற்பது என் தையல்தான்.

போன வாரம் ஒரு காரியமாக ஒரு பெரிய கட்டடத்தில் வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. பொழுது போகாமல் முன்னால் நின்றவர்களின் பட்டிகளை எண்ணினேன். நாற்பது பட்டி. அதில் முப்பத்தொன்று பெல்ட்டை நம்பிப் பிழைக்கிறது. நீங்கள் தொழிற்சாலையில் என்னதான் செய்கிறீர்கள்?

வேறு விசேஷம் இல்லை. கொஞ்சம் விரிவாகத் திட்டி எழுது.

அண்ணன்

•

பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

சௌக்கியம். முழங்கால் ஆட்சியையே பிடித்துவிட்டது.

சட்டைக்கு மேலே இடுப்பை அளக்கிற மகானா முப்பத்து மூன்று வருஷம் ஊர்த் தராசுக்கெல்லாம் முத்திரை குத்தினாய்? அந்த ஊர் ஜனங்கள் எத்தனை கிலோ ஏமாந்தார்களோ.

பட்டி ஏன் தளர்ந்தது என்றால், துணியை நீ குறுக்குவாக்கில் வெட்டியிருப்பாய். நீளவாக்கில் வெட்டினால் இழுபடாது. கேன்வாஸும் சரியாக ஒட்டியிருக்காது. இஸ்திரியை அழுத்தி வைக்காமல் தடவிக் கொடுத்திருப்பாய், நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி. புதிதாக வெட்ட வேண்டாம். நடுவில் இருக்கிற பெல்ட் லூப்பைப் பிரித்துவிட்டு, பின்தையலில் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் உள்ளே பிடித்து மறுபடி தை. மொத்தம் நாலு குறையும். பழைய தையலைப் பிரிக்காதே, அது உள்ளே அப்படியே கிடக்கட்டும். நீ தைக்கிற லட்சணத்துக்கு ஒன்று விட்டால் இன்னொன்று தாங்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதங்களைப் பெஞ்சில் வாசித்துக் காட்டுகிறேன். தபால் பெட்டி, சாவித் துவாரம் எல்லாம் இங்கே பிரபலம். அடுத்த கடிதம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். என்னை யாரும் இதுவரை அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை.

சட்டையில்லாமல் அளந்து எழுது.

தங்கை

•

மார்ச் 17

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பதில் தாமதம், மன்னிக்க வேண்டாம், அது உனக்குப் பிடிக்காது.

சட்டையில்லாமல் அளந்தேன். எண்பத்தேழு. இரண்டாவது தடவையாகப் பிடித்துத் தைத்துவிட்டேன். பின்பக்கத்துப் பைகள் இரண்டும் நெருங்கிக்கொண்டே வருகின்றன, நாலு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தங்கை மாதிரி. இன்னும் ஒரு பிடி பிடித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். துணி அடுக்கு கனத்துப் போய் இரண்டு ஊசி உடைந்தது.

மாடிப்படியில் பாதியில் நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. வெறும் சுவர்தான், இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்துவிட்டேன். கட்டிலை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன், வேலை வாட்டமாக நடக்கிறது. பூட்டுக்காரர் தினமும் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு ஊசியில் நூலும் கோத்துத் தருகிறார். "இவ்வளவு சின்ன துவாரத்துல நான் வேலை பாத்ததே இல்ல சார்" என்கிறார்.

தையலில் இன்னும் என்ன குறை என்று சொல்.

அண்ணன்

•

மார்ச் 30

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். நீ?

இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன். மதியம் உன் கடிதத்தை வாசித்தேன். பைகள் நெருங்குகிற இடத்தில் பெஞ்சே அதிர்ந்தது. எங்கள் தையலைச் சோதித்துக் கோடு போடுகிற செக்கர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இதுக்கு முந்தின அளவு என்னடி?"

"தொண்ணூத்திரண்டு."

"அதுக்கு முந்தி?"

"தொண்ணூத்தாறு."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். "ஏண்டி, இருபத்திரண்டு வருஷமா பட்டி தைக்கிறியே. பட்டி பெருசாகலடி. ஆளு சிறுசாயிட்டு வர்றாரு."

"சும்மா இரு அக்கா, அவன் தையல் அப்படி" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனேன். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது. அன்றைக்கு என் பெயருக்கு நேரே அறுபது கோடு. எல்லாம் பதினேழாம் நம்பர்.

டாக்டரைப் பார். சூப் மட்டும்தான் குடிக்கிறாயா? எத்தனை நாளாக? அந்த ஜீன்ஸை அப்படியே பார்சல் பண்ணு. நான் பிரித்துப் பார்க்கிறேன். தப்பு தையலில்தான் இருக்கும். இவ்வளவு மட்டமான தையல்காரன் உலகத்திலேயே கிடையாது என்று நிரூபணமாகட்டும், நான் பெஞ்சில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கித் தருகிறேன்.

உடனே பதில் எழுது.

தங்கை

•

ஏப்ரல் 26

அண்ணாவுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கத்த மாட்டேன், எடு.

லீவு கேட்கப் போனேன். சூப்பர்வைசர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அப்பான்னா அஞ்சு நாள், அம்மான்னா அஞ்சு நாள், புருஷன்னா ஏழு. அண்ணன்னு இதுல இல்லையேம்மா."

"சேத்துக்கங்க சார்."

"அவருக்கு என்ன?"

"இடுப்பு குறையுது."

"அதுக்குத்தானே என் வீட்டுக்காரி தினம் ஆறு மைல் ஓடுறா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சரக்குக் கப்பல் கிளம்பியதும், மே இருபதாம் தேதியிலிருந்து போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். உனக்கு அவசரமென்றால் ஒரு வரி எழுது. வேலையை விட்டெறிந்துவிட்டு ரயில் ஏறுகிறேன். ரயிலுக்கே இரண்டு நாள் ஆகும்.

ஒரு வரி போதும். நலம் என்று மட்டும் எழுதி ஏமாற்றாதே.

தங்கை

•

மே 3

அன்புள்ள தங்கைக்கு,

வழக்கமான முதல் வார்த்தையை இந்தத் தடவை எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

வயிற்றில்தான். பிப்ரவரி ஐந்தாம் தேதியே சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டடம், வரிசை, நாற்பது பட்டி எல்லாம் அதுதான். அறுத்துச் சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். சட்டைக்கு மேலே நான் ஒருநாளும் அளந்ததில்லை.

ஜனவரியில் எழுதியது நிஜமாகவே ஜீன்ஸ் கடிதம். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பிப்ரவரியில் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் உன் கடிதம் கிடந்தது. "தப்பு உன்னுடையதுதான்" என்று எழுதியிருந்தாய். நோயாளியை யாரும் திட்ட மாட்டார்கள், தெரியுமா? பூட்டுக்காரரிடம் சொன்ன மறுநாளே அவர் சாவித் துவாரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். கெஞ்சிக் கேட்ட பிறகுதான் எப்போதாவது ஒன்று அவிழ்த்துவிடுகிறார். என்னைத் திட்ட இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் பாக்கி. சொன்னால் அதுவும் நின்றுவிடும். அதனால் பழியைத் தையல் மேல் போட்டு, உன்னிடமிருந்து இரண்டு கடிதம் கூடுதலாக வாங்கிக்கொண்டேன். உன் தொழிலை ஏமாற்றிவிட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வேண்டுமானால் கிழித்துப் போடு.

வேலையை விட்டு வராதே. இருபதாம் தேதி வா, போதும். டாக்டர்கள் ஜூலை என்கிறார்கள். எந்த அளவுக்கும் கொஞ்சம் முன்பின் அனுமதி உண்டு, ஆனால் இரண்டு மாதம் பிசகாது.

கேட்டபடி ஜீன்ஸ் பார்சலில் இருக்கிறது. அதற்குப் பதிலாக நீயே ஒன்று தைத்து அனுப்பு. ஆஸ்பத்திரியில் நாடா வைத்த கால்சட்டை கொடுக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே அளவு. முப்பத்து மூன்று வருஷம் சரியான அளவுக்காக மல்லுக்கட்டியவன், எல்லோருக்கும் ஒரே அளவிலா போய்ச் சேர்வது? இடுப்பு எழுபத்தாறு. இன்று காலை எடுத்தது. டேப் சோதிக்கப்பட்டது.

மெஷின் உனக்கு. தொப்பியை எடுத்துவிட்டேன்.

அண்ணன்

•

மே 11

அண்ணாவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பார்சல் வந்த அன்றே பிரித்தேன். பழைய தையலைப் பிரிக்காதே என்று நான்தான் சொன்னேன்; எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன. முதல் தையலுக்குப் பிறகு ஐந்து வரி. இரண்டிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கோடு போட்ட நோட்டு மாதிரி. முதல் இரண்டும் நான் திட்டி நீ தைத்தவை. மற்ற மூன்றும் நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களில் விழுந்தவை.

செக்கர் அக்காவையும் கூட வைத்துக்கொண்டு பார்த்தேன். பட்டியை நீளவாக்கில்தான் வெட்டியிருக்கிறாய். வளைவு சரி. கேன்வாஸ் ஓர் இடத்தில்கூட எழும்பவில்லை. ஆறு வரியிலும் ஒரு தையல் விலகவில்லை. "எங்க லைன்ல இப்படி ஒருத்தி இருந்தா எனக்கு வேலையே இல்லடி" என்றாள். அவளுடைய சீட்டு ஒன்றைக் கிழித்து உன் ஜீன்ஸில் குத்தினாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். "குறை இல்லை" என்று அச்சடித்தது, கீழே அவள் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் யார் மேலும் இரக்கப்பட்டு அதைக் கொடுத்ததில்லை.

உன் அளவைக் கையில் வைத்துக்கொண்டு உன் தையலைக் குறை சொன்னேன். இரண்டு மாதம். இதற்குத் தாளில் நம்பர் இல்லை.

புது ஜீன்ஸ் அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்து எங்கள் மெஷினிலேயே தைத்தேன். ஒரு ஆளுக்கென்று நான் தைத்த முதல் பட்டி இது. அளவு சரியாக இருக்கும். வாங்கியதும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பாதே, பேசாமல் போட்டுக்கொள்.

இருபதாம் தேதி ரயில். வந்து நேரிலேயே திட்டுகிறேன்.

தங்கை

•

ஜூன் 4

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

பூட்டுக்காரன் எழுதுகிறேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினைப் பலகை அடித்து அனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் வந்துவிடும்.

இருபத்தொன்றாம் தேதி நீங்கள் ரயிலில் இருந்தபோது அவர் போய்விட்டார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். அவர் உங்கள் ஜீன்ஸைப் போட்டுப் படுத்திருந்தார். நீங்கள் பட்டி வரைக்கும் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பூட்டைத் திறக்கிறவனுக்குப் பேச்சுக் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

பார்சல் பதினேழாம் தேதி காலையில் வந்தது. உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொன்னார், படித்தேன். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முத்திரை ஒரிஜினல்தான்" என்றார். டேப்பை எடுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதும் டேப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

பட்டியைப் படுக்கையில் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். எழுபத்தாறு கேட்டவருக்கு எழுபத்திரண்டு இடுப்புக்குத் தைத்திருந்தீர்கள். "பதட்டத்துல குறைச்சுத் தச்சிட்டாங்க போல சார். திருப்பி அனுப்பிடலாமா?" என்றேன்.

"முதல்ல போட்டுப் பாப்போம்" என்றார்.

நான்தான் போட்டுவிட்டேன். பொத்தான் மாட்டிக்கொண்டது. அவர் கையில் குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்தது. "உங்க விரல விடுங்க. எத்தனை போகுது?" என்றார்.

"ரெண்டு சார்."

"மூணாவது?"

முயன்றேன்.

"நான் சொன்னது மூணாம் தேதி இடுப்பு. பார்சல் வந்து சேர்ற அன்னைக்கு எவ்வளவு இருப்பேன்னு அவ கணக்குப் போட்டுத் தச்சிருக்கா. இத எழுதித் தொலைக்காம விட்டா பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சீட்டை மட்டும் கேட்டு வாங்கி முன்பையில் வைத்துக்கொண்டார். அது அங்கேயே இருந்தது.

உங்களுக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

அளவு தப்பவில்லை, சகோதரி. மூன்றாவது விரல் போகவில்லை.